ஓரகத்தியின் குடம்

என் ஓரகத்தியைப் பற்றி இந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் வாய் ஓயாமல் பேசுவார்கள். எனக்கு வயிறு எரியும் என்று தெரிந்தே என் முன்னாலும் பேசுவார்கள். அவள் என் கொழுந்தன் மனைவி. நான் இந்த வீட்டில் இரண்டு பிள்ளை பெற்ற பிறகுதான் அவள் வந்தாள். வீடு ஒன்று, அடுப்பு இரண்டு, நடுவில் ஒரு துணித்திரை. திரைக்கு அந்தப் பக்கம் அவள் சிரித்தால் இந்தப் பக்கம் என் சமையலில் உப்பு கூடிவிடும்.

அழகி என்றாலாவது மனசு ஆறும். பல் கொஞ்சம் எடுப்பு, நடையும் ஒரு பக்கம் சாயும். ஆனாலும் வந்த கொஞ்ச நாளிலேயே தெரு முழுக்க அவளைச் சின்னக்கா என்றது. அப்படியானால் பெரியக்கா யார் என்று ஒருவராவது கேட்டார்களா? பெரிய சாலையில் இருக்கும் லாட்ஜில் துணி துவைக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு இருவரும் சேர்ந்துதான் போனோம். மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவளை எடுத்துக்கொண்டார். அன்று முதல் அவள் சம்பளக்காரி, நான் வீட்டில் சும்மா இருப்பவள்.

எங்கள் தெருவில் குழாய் உண்டு, தண்ணீர்தான் கிடையாது. அரசாங்கம் லாரியில் அனுப்புவதை நம்பித்தான் பிழைப்பு. தினமும் வர வேண்டிய லாரி வாரத்துக்கு ஒரு முறை என்று ஆகிவிட்டிருந்தது. கேட்டால், ஏரி வற்றிவிட்டது என்று நீரேற்று நிலையத்து மேற்பார்வையாளர் கையை விரிப்பார். நாங்களும் வானத்தைத் திட்டிவிட்டுத் திரும்புவோம்.

ஒரு நாள் அவள் வேலை முடிந்து வந்ததும் வராததுமாகத் திரையை விலக்கினாள். லாட்ஜின் பின்பக்கத் தொட்டியில் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்த லாரியின் கண்ணாடியில் எங்கள் தெருப் பெயர் எழுதிய அட்டை இருந்ததாம். டிரைவரைக் கேட்டிருக்கிறாள். தினமும் இங்கேதான் இறக்குகிறேன், மேற்பார்வையாளர் உத்தரவு என்றாராம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அந்த மனிதர் எங்கள் தண்ணீரை விற்றுத் தின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, இத்தனை நாளா அந்தத் தண்ணியிலதான் துவைச்சிருக்கேன்," என்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

வாயை மூடிக்கொண்டு சம்பளத்தை வாங்கு, வேலை போய்விடும் என்றேன். அக்கறையில் சொன்னதல்ல. இந்த விஷயம் என் கண்ணில் பட்டிருக்கக் கூடாதா என்ற ஆத்திரம். பட்டிருந்தால் தெரு என்னையல்லவா தலையில் தூக்கி வைத்து ஆடியிருக்கும்.

அவள் குடிநீர் அலுவலகத்துக்குப் போய் முறையிட்டாள். விசாரிக்கிறோம் என்றார்கள். அந்த வாரம் வரவேண்டிய ஒரு லாரியும் வரவில்லை. அப்போதுதான் அவளுக்குக் குடம் ஞாபகம் வந்தது.

எங்கள் தெருவில் லாரிக்கு ஆள் காத்திருப்பதில்லை, குடம்தான் காத்திருக்கும். வரிசையில் குடத்தை வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அடுத்தவர் குடத்தில் யாரும் கை வைப்பதில்லை. மாமியாரும் மருமகளும் மயிரைப் பிடித்து உருண்ட நாளில்கூட வரிசையில் இருந்த குடம் நகர்ந்ததில்லை. அந்த வரிசையைத் தெருவில் வைக்காமல் நீரேற்று நிலையத்தின் வாசலில் வைப்போம் என்றாள் அவள். லாரி எப்படி வெளியே போகிறது பார்ப்போம்.

விடிந்ததும் தெருவே குடத்தோடு கிளம்பியது. நானும் போனேன். போகாவிட்டால் பொறாமைக்காரி என்பார்கள். போனாலோ அவள் பின்னால் நடக்க வேண்டும். வாசலில் அவளே என் குடத்தை வாங்கி, "நீங்க மூத்தவங்கக்கா, உங்க குடம்தான் முதல்ல," என்று இரும்புக் கேட்டுக்கு நேராக வைத்தாள். எனக்கு உரிய இடத்தை இவள் கொடுத்து நான் வாங்குவதா என்று எரிச்சலாக வந்தது. அதற்காகக் குடத்தை எடுத்துவிடவும் இல்லை. எல்லார் குடத்தையும் வரிசையாக வைத்து முடித்துவிட்டு, தன்னுடையதை அவள் கடைசியில் வைத்தாள்.

தண்ணீர் நிரப்பிய லாரி உள்ளேயிருந்து வந்து கேட்டில் நின்றது. எல்லாவற்றையும் தூக்கி எறி என்று மேற்பார்வையாளர் கத்தினார். டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"அடுத்தவங்க குடத்தை நான் தொட மாட்டேன் சார். எங்க தெருவுலயும் இப்படித்தான்."

முதல் குடம் யாருடையது என்று கேட்டபடி மேற்பார்வையாளர் எங்களிடம் வந்தார். என்னுடையது, எடுத்தால் என் இடம் போய்விடும் என்றேன். நான் உண்மையைத்தான் சொன்னேன், கூட்டம் அதை வீரம் என்று நினைத்துக் கை தட்டியது. அந்தக் கைதட்டல் எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்லி மாளாது. அதுவும் கொஞ்ச நேரம்தான்.

உள்ளே வர முடியாத காலி லாரிகளால் சாலை அடைபட்டு, மேலதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார். அவள் முன்னால் வந்தாள்.

"நான் அந்த லாட்ஜுலதான் துணி துவைக்கிறேன் சார். இப்பவே வாங்க, தொட்டியைக் காட்டுறேன். என்னை வேலையை விட்டு நிறுத்துவாங்க, நிறுத்தட்டும்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். என் கைதட்டல் எங்கே போனதோ தெரியவில்லை. அதிகாரி அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்த் தொட்டியைப் பார்த்தார், டிரைவரை விசாரித்தார். மேற்பார்வையாளரை அன்றைக்கே வேலையிலிருந்து விலக்கி வைத்தார்கள். லாட்ஜ்காரர் அவளை நிறுத்தினார். அந்த இடம் காலிதானே, நாம் போய்க் கேட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இனிமேல் இந்தத் தெருவிலிருந்து ஆளே எடுப்பதில்லை என்று மேனேஜர் சொல்லியனுப்பிவிட்டார்.

மதியம் லாரி தெருவுக்கே வந்தது. காலையில் இருந்த அதே வரிசையில் குடங்களை வைத்தோம். முதலில் நிறைந்தது என் குடம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியாக அவள் முறை வந்தபோது லாரிக் குழாய் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது. காலிக் குடத்தோடு அவள் சிரித்தாள். வேலையும் போய், தண்ணீரும் இல்லாமல் எப்படித்தான் சிரிக்க முடிந்ததோ.

பக்கத்து வீட்டுத் தையல்காரி தன் குடத்தைச் சாய்த்து அவளுடையதில் ஊற்றினாள். அடுத்து பால்காரர் மனைவி. பிறகு யார் யாரோ. ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஊற்றினார்கள். நானும் என் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். முதல் குடத்துத் தண்ணீர் என்றால் நாலு பேர் பார்ப்பார்கள் அல்லவா. கூட்டத்தை விலக்கி நான் போய்ச் சேர்ந்தபோது அவள் குடம் வழிந்துகொண்டிருந்தது.

"எங்கேக்கா ஊத்துவீங்க, இடமில்லையே. நம்ம வீட்டுக்குத்தானே, கொண்டு போங்க," என்றாள்.

ஒரு சொட்டுகூடக் குறையாத குடத்தோடு நான் தெரு நடுவில் நின்றேன்.