ஆள் குறையாத வகுப்பு

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி எடுத்தவன் நான். இன்று பண்டாரவளையில் என் பெயரில் மூன்று மரக்கறி லொறிகள் ஓடுகின்றன. அதனால் எங்கள் தோட்டப் பாடசாலையின் வருடாந்த இலக்குகளை முடிவு செய்யும் கூட்டத்தில் நான் பேசினால் மறுபேச்சு இருக்காது.

போன வருடம் அதிபர், "பாதிப் புள்ளைகளுக்கு வாசிக்க வரல்லங்க, அதையே இலக்கா வைப்போம்" என்றார்.

நான் சிரித்தேன். "ஆளே வராம என்னத்த வாசிக்கிறது சேர்? பெரட்டுல வேலையாள எண்ணுற மாதிரி தினம் காலையில எண்ணுங்க. ஆகக் கொறைவா லீவு போடுற வகுப்புக்கு என் செலவுல புதுச் சப்பாத்து."

எட்டாம் வகுப்பு ஜெயித்தது. முன்கூட்டியே அளவெடுத்து வாங்கிய சப்பாத்துகளில் ஒரு சோடி மிஞ்சியது.

"அது தர்ஷினியோடதுங்க" என்றார் அதிபர். "அவ லீவு போடுறதால தோத்துருவோம்னு புள்ளைங்க ஏசுனாங்க. பேர வெட்டிக்கிட்டு பள்ளிக்கொடத்த விட்டே நின்னுட்டா."

சப்பாத்தோடு அவளுடைய லயத்து வீட்டுக்குப் போனேன். தாய் கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். தர்ஷினி தம்பியை இடுப்பில் வைத்திருந்தாள்.

"எங்க வகுப்பு ஜெயிச்சிருச்சாங்க ஐயா?" அவள் முகம் மலர்ந்தது.

"ஜெயிச்சிருச்சு. நீ திரும்பி வாம்மா."

"நான் வந்தா வகுப்புல மறுபடி வரவு கொறஞ்சிரும்ங்க. தம்பிக்கிச் சொகமில்லாட்டி நான்தானே பாத்துக்கணும்."

போட்டியை அடுத்த நாளே நிறுத்தச் சொன்னேன். அவள் வரவில்லை. ஒரு பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்க அன்று கூட்டத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. வந்த தலைகளைத்தான் எண்ணச் சொன்னேன்.

இந்த வருடக் கூட்டத்திலும் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். "அதிபர் சேர் சொல்லட்டும்" என்று உட்கார்ந்துவிட்டேன்.