சிலேட்டுக் குச்சி வைத்த படையல்

இலங்கை மலைநாட்டில், வத்தேகமப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நாலாம் வகுப்பில் காய்ச்சல் வந்து இறந்துபோனாள். சின்னப் பிள்ளைக்குக் கருமாதி கிடையாது என்று பெரியவர்கள் மூன்றாம் நாளே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டார்கள். எங்களைச் சாவு வீட்டுப் பக்கமே விடவில்லை. அதன் பிறகு வகுப்பில் ஒருவரும் சிரிப்பதில்லை. தப்பித் தவறிச் சிரித்தவர்களை நான் முறைத்தே அடக்கினேன். நாங்கள் உட்காரும் வாங்குப் பலகையில் அவள் இடத்தில் என் பையை வைத்துக் காவல் காத்தேன். நாங்கள் சிரித்துவிட்டால் அவள் நிஜமாகவே போய்விடுவாள் என்று எனக்குப் பயம்.

அந்த நேரம் பார்த்துத்தான் கேரளத்திலிருந்து புது டீச்சர் வந்து சேர்ந்தார். சுதந்திரத்துக்குப் பிறகும் அங்கிருந்து ஆசிரியர்கள் சிலர் இலங்கைக்கு வந்துகொண்டிருந்தார்கள். பையை எடுக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். அடிக்கவில்லை, காரணத்தை மற்றப் பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. நேற்று வந்த மனுஷிக்கு எங்கள் துக்கத்தில் என்ன வேலை?

"பெரியவங்களுக்கு மட்டும்தானா படையல்? அவளுக்கு நாம வைக்கலாம். அவளுக்கு எது இஷ்டமோ, நாளைக்குக் கொண்டு வாங்க" என்றார் ஒருநாள்.

மறுநாள் மேசையில் வாழையிலை விரித்தார். கருமாதி வீடுகளில் பார்த்த பழக்கத்தில் பிள்ளைகள் வடையும் லட்டும் வாழைப்பழமுமாகக் கொண்டுவந்து அடுக்கினார்கள். வெறுங்கையோடு போன எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து கத்தினேன்.

"எல்லாம் பொய் டீச்சர்! அவளுக்கு லட்டே புடிக்காது. சிலேட்டுக் குச்சியத்தான் திம்பா. என்னோடதையும் புடுங்கித் திம்பா!"

டீச்சர் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, ஒரு குச்சியை எடுத்து இலையின் நடுவில் வைத்தார். எல்லோரும் கும்பிட்டோம். படைத்ததைப் பங்கிட்டுச் சாப்பிட வேண்டுமே! மற்றவர்கள் லட்டுக்குப் பாய்ந்தார்கள். டீச்சர் குச்சியை இரண்டாக ஒடித்து, ஒரு துண்டை எனக்குத் தந்துவிட்டு, மற்றதைத் தன் வாயில் போட்டு நறநறவென்று மென்றார். முகம் அஷ்டகோணலாகிவிட்டது.

"மோளே, இதை எப்படித்தான் தின்னாளோ!"

பின் வாங்கில் யாரோ சிரித்தார்கள். முறைக்கத் திரும்பினேன், முடியவில்லை. எனக்கே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து, பிறகு தேம்பித் தேம்பி அழுதேன். அழுது முடித்தபோது அப்பாடா என்றிருந்தது. அவள் எங்கேயும் போய்விடவில்லை. அவள் செய்த சேட்டைகளைச் சொல்லி வகுப்பே கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது.

டீச்சர் வாய் கொப்பளிக்க வெளியே போனார். அவர் திரும்பி வருவதற்குள் என் பையை எடுத்துக் கீழே வைத்தேன்.