ஓவர்டிரைவ் சுவிச்சும் உப்புக் காற்றும்

இன்றைக்கு என் பெயரில் மூன்று கராஜ்கள் இருக்கின்றன. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஒருவரும் என்னைக் கைபிடித்துத் தூக்கிவிடவில்லை. படித்த எஞ்சினியர்மார் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற கார்களை, பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டே என்ன வருத்தம் என்று சொல்லியிருக்கிறேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன், அதிலென்ன? ஒரு காரின் பிழையை நான் முதன்முதலில் கண்டுபிடித்தபோது எனக்கு ஒன்பது வயது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. உரும்பிராயில் பலாலி றோட்டோரம் என் தாய்மாமா ஒரு கராஜ் வைத்திருந்தார். கராஜ் என்றால் நாலு பனங்குற்றி, மேலே கிடுகு வேய்ந்த கூரை, நடுவில் காருக்குக் கீழே இறங்கி வேலை செய்ய வெட்டிய ஒரு கிடங்கு. அந்தக் கராஜை வாழவைத்தவை மூன்று லொறிகள். வெங்காயம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வருபவை. அவற்றின் சொந்தக்காரர் மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். ஊர் அவரைப் பென்சனியர் என்றே சொல்லும். வரும்போது கப்பலில் ஒரு பச்சைக் காரையும் கொண்டுவந்திருந்தார். இரண்டே சீற். கூரை இல்லை. தரையைத் தடவிக்கொண்டு ஓடும். அவர் வீட்டில் ஏழு பேர். அவர் அந்தக் காரில் முன்னே போவார், மற்றவர்கள் பஸ்ஸில் பின்னே வருவார்கள்.

அந்தக் காரின் கியர் பொக்ஸுக்குப் பின்னால் ஓவர்டிரைவ் என்று ஒரு சாமான் இருந்தது. நாலாவது கியரில் ஓடும்போது டாஷ்போர்டில் உள்ள சின்னச் சுவிச்சைத் தட்டினால், கரண்ட் போய் அதை இழுக்கும். எஞ்சினின் இரைச்சல் அடங்கிவிடும், வேகம் குறையாது.

"ஐஞ்சாவது கியர் மாதிரி, மருமோன். விரலாலை போடுற கியர்," என்றார் மாமா. அன்றிலிருந்து எனக்கு அந்தச் சுவிச் கோயில் மூலஸ்தானம் மாதிரி.

ஆயுத பூசைக்கு முதல்நாள் பென்சனியர் அந்தக் காரை ஒயில் மாற்ற விட்டுவிட்டுப் போனார். மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. காரோடு வந்த புத்தகத்தைத் தபால் கந்தோர்காரரிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொல்லி, அதில் சொன்ன ஒயிலையே தேடி வாங்கி ஊற்றினார். அடுத்தநாள் பூசை. சந்தனக் கிண்ணம் என் கையில். பன்னீர் விட்டுத் தளதளவென்று கரைத்த சந்தனம். "ஒண்டும் விடாமல் பொட்டு வை" என்றார் மாமா. நான் விடுவேனா? ஸ்பானர், குறடு, கார் தூக்குகிற ஜக், லொறிகளின் நெற்றி, பச்சைக் காரின் ஸ்டியரிங், ஹோர்ன் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பொட்டு. அந்தச் சின்னச் சுவிச்சுக்கு மட்டும் மரியாதையாக இரண்டு, மூன்று.

மறுநாள் விட்டு அடுத்தநாள் பென்சனியர் வந்தார். "என்ன உது, மாப்பிள்ளை ஏத்தப் போற கார் மாதிரிக் கிடக்குது?" என்று சிரித்து, சட்டைப்பையிலிருந்த லேஞ்சியால் துடைத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பில்லை.

"ஓவர்டிரைவ் வேலை செய்யேல்லை. என்ன ஒயில் ஊத்தினனீ?"

"புத்தகத்திலை சொன்ன ஒயில்தான் ஐயா."

"உனக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியுமோ?"

மாமா குனிந்து கீழே கிடந்த ஸ்பானரை எடுத்தார். அவர் காது சிவந்ததை நான் கண்டேன்.

"வெள்ளிக்கிழமை காலமை வருவன். அதுக்குள்ளை சரிவரேல்லையெண்டால் கார் கொழும்புக்குப் போகும். லொறியளும் இனி அங்கைதான் திருத்துப்படும்," என்று சொல்லிவிட்டு நடந்தே போய்விட்டார்.

லொறிகள் போனால் கராஜும் போனது மாதிரித்தான். அதைப் பூட்டிவிட்டு மாமா அச்சுவேலிப் பக்கம் யாரிடமாவது கூலிக்கு நிற்க வேண்டியதுதான். வெள்ளிக்கு மூன்று நாள் இருந்தது. "கியர் பொக்ஸை இறக்கிப் பிரிச்சுப் பாப்பமே" என்று பக்கத்துக் கொல்லர் யோசனை சொன்னார். மாமா, "பிரிக்கிறது பெரிய வேலையில்லை. பிழை எங்கையெண்டு தெரியாமல் பிரிக்கிறவன் மெக்கானிக் இல்லை, கள்ளன்," என்றார்.

முதலாம் நாள், ஊற்றிய ஒயிலை வடித்து, வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒரு பொடி இரும்புகூட இல்லை. உள்ளே இருந்த வடிகட்டியைக் கழுவினார். சுத்தம். அதே ஒயிலைத் திரும்ப ஊற்றினார்.

இரண்டாம் நாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா பூவரசந்தடியோடு கராஜுக்கு வந்தபோது மாமா கிடங்குக்குள்ளிருந்து கத்தினார்: "அக்கா, உவனை விடு. சுவிச்சுப் போட எனக்கொரு கை வேணும்." ஆக, அவருக்கு என் கை தேவைப்பட்டது. ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்தேன். சாவியைத் திருப்பி, எஞ்சினை எழுப்பாமல், கியரை நாலில் விட்டோம்.

"போடு!" போட்டேன்.

"எடு!" எடுத்தேன்.

கீழே "டொக்" என்று ஒரு சத்தம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மாமா பற்றறியிலிருந்து நேராக ஒரு வயரை இழுத்துக் கீழே தொடுத்தார். "டொக்!" கிடங்குக்குள் மாமா சிரித்தது எனக்குக் கேட்டது. "உயிர் கிடக்குது மருமோன்! கரண்ட்தான் வந்து சேரேல்லை!"

மூன்றாம் நாள் கியர் பொக்ஸுக்கு மேலே மூடியிருந்த தகட்டைக் கழற்றினார். நாலாவது கியர் விழுந்தால்தான் கரண்டை விடுகிற குட்டிச் சுவிச் ஒன்று அங்கே இருந்தது. சின்னப் பல்ப்பில் இரண்டு வயர் கட்டிச் சோதித்தார். பல்ப் எரிந்தது. அதுவும் நல்லது. பின்னேரமாகிவிட்டது. மாமா சாரத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மண்ணில் குந்தினார். டாஷ்போர்டுச் சுவிச்சை அவர் சந்தேகிக்கவே இல்லை. வெளியே பளபளவென்றிருந்தது, தட்டினால் டிக் டிக்கென்று அழகாகச் சத்தம் போட்டது. லொறி திருத்திப் பழகியவருக்குப் பிழையென்றால் அது கீழே, கறுப்பாக, ஒயிலோடுதான் இருக்கும்.

நான்தான் சொன்னேன்: "மாமா, இந்தச் சுவிச் முந்தி லேசாய்ப் போச்சுது. இப்ப இறுக்கமாய்க் கிடக்குது."

மாமாவின் கை டாஷ்போர்டுக்குப் பின்னால் போகாது. என் கை போகும். பல்ப்பை வாங்கிக்கொண்டு தலைகீழாகப் புகுந்தேன். கரண்ட் வருகிற பக்கம் தொட்டேன், எரிந்தது. போகிற பக்கம் தொட்டேன், எரியவில்லை. "இஞ்சைதான் மாமா! இஞ்சைதான்!" என்று நான் போட்ட சத்தத்தில் கொல்லரும் ஓடிவந்தார்.

மாமா சுவிச்சைக் கழற்றி, மூடியை நெம்பித் திறந்தார். உள்ளே மஞ்சளாகக் காய்ந்த மா போல ஒன்று பொருக்குவிட்டிருந்தது. கொஞ்சத்தை விரலில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

"என்ன மாமா உது?"

"உப்புக் காத்து, மருமோன்," என்றார். "கடல் சுத்தின ஊரெல்லே. சுவிச்சுக்குள்ளை இப்பிடித்தான் பூக்கும்." சவரப் பிளேட்டால் சுரண்டி ஊதிவிட்டுத் திரும்பப் பூட்டினார். "போடு!" என்றார். டொக்.

வெள்ளிக்கிழமை பென்சனியர் பலாலி றோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் புன்னகையோடு வந்தார். மாமா கையைக் கட்டிக்கொண்டு, "பிழை என்ரைதான் ஐயா. பூசைக்கு நிண்ட நேரம் கவனிக்காமல் விட்டிட்டன், சுவிச்சுக்குள்ளை அழுக்குப் போட்டுது. கண்டுபிடிச்சது இவன்," என்றார்.

எனக்குச் சரியான எரிச்சல். உப்புக் காற்று செய்த வேலைக்கு இந்த மனிசன் ஏன் தன் தலையைக் கொடுக்கிறார்?

பென்சனியர் என் தலையில் தட்டி, "லொறியளைப் பாக்கவும் இவனைக் கூட்டிக்கொண்டு வா," என்றார். அன்றே ஊர் முழுவதும் என் பேர் போய்விட்டது. போகாத வீடுகளுக்கு நானே கொண்டுபோனேன். அந்தப் பேரை வைத்துத்தான் பின்னாளில் என் முதல் வாடிக்கையாளர்கள் வந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு உப்புக் காற்றைப் பற்றி விளக்கம் கொடுத்திருப்பேன்!

பதினைந்து வருடம் கழித்து, என் சொந்தக் கராஜில், ஆயுத பூசைக்கு மறுநாள் ஒரு சுவிச் வேலை செய்யவில்லை. திறந்தேன். அதே மஞ்சள் பொருக்கு. மூக்கருகே கொண்டுபோனேன். பன்னீர் மணம் இன்னும் போகவில்லை. அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். அப்போது மாமா உயிரோடு இல்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வருடப் பூசை எனக்கு நல்ல ஞாபகம். வழக்கம்போலச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன். மாமா அதை மெல்ல என் கையிலிருந்து வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கற்பூரத் தட்டைத் தந்தார். "நீ இப்ப பெரிய மெக்கானிக்கெல்லே. சந்தனத்தை நான் பாக்கிறன். நீ தீபத்தைக் காட்டு," என்றார். எனக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், மூன்று லொறிகளுக்கும் ஒவ்வொன்றாகத் தட்டைச் சுற்றிக் காட்டினேன்.