சரிவைப் பூட்டிய நாள்

அந்தக் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் ஸ்கேல் அக்கா. கையால் வரைந்த காலத்திலிருந்தே அங்கே இருப்பவள். ஓர் எண்ணை மாற்றினால் மொத்தக் கட்டடமும் தானாக மாறிக்கொள்ளும் மென்பொருள் வந்தபோது, இனி நமக்கு இங்கே என்ன வேலை என்று கிளம்பத்தான் இருந்தாள். விடாமல் பிடித்துக்கொண்டவள் நாத்தனார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே மாலைச் சமையலைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, "நீங்க கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போங்க அண்ணி. கொஞ்ச நாள் உப்பு கூடக்குறைய இருக்கும், அண்ணன் சாப்பிட்டுக்குவான்" என்று துரத்திவிட்டாள்.

எலும்பு மருத்துவமனை ஒன்றின் வரைபடம் அன்று சாயங்காலம் போயாக வேண்டும். மழைத்தண்ணீர் உள்ளே வரக்கூடாது, தரையை ஓர் அடி உயர்த்துங்கள் என்று டாக்டர் காலையில்தான் சொன்னார். முன்பென்றால் எல்லாவற்றையும் அழித்து வரைய வேண்டும். இப்போது ஓர் எண்ணைத் தட்டினாள். சுவரும் சன்னலும் கூரையும் சொன்ன பேச்சுக் கேட்டு எழுந்து நின்றன. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

எதிர்க் கட்டடத்தில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் நாத்தனார் மதியம் வழக்கம்போலச் சேர்ந்து சாப்பிட வந்தாள். திரையை எட்டிப் பார்த்தாள்.

"வாசல்ல எதுக்கு அண்ணி சறுக்குமரம்?"

"சாய்தளம்டி அது. உனக்குத்தான்."

"எனக்கா? இதுல ஏறினா, இருக்கிற எலும்பும் உடைஞ்சுதான் டாக்டரைப் பார்க்கணும்."

அக்காவின் கை டப்பாவிலேயே நின்றது. டாக்டரின் கார் நிற்கும் இடத்தில் கை வைக்கக் கூடாதென்று, சாய்தளத்தின் நீளத்தை மாறாதபடி பூட்டி வைத்தவளே அவள்தான். தரை உயர்ந்தது, நீளம் அசையவில்லை, சரிவு செங்குத்தாகிவிட்டது. கணினியைக் குறை சொல்ல முடியாது, கேட்டதைத்தான் செய்திருந்தது.

நீளத்தை விடுவித்துச் சரிவைப் பூட்டினாள்: ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம். சாய்தளம் நீண்டு, நடுவில் திரும்பி, கார் நிற்கும் இடத்தை விழுங்கியது.

"டாக்டர் குதிப்பார்" என்றார் ஆர்க்கிடெக்ட் மேடம். "ஆனா நீ செஞ்சது சரி. நீயே பேசு."

போனில் டாக்டர் குதித்தார். "காரை எங்க நிறுத்தறது, கூரைமேலயா?"

"தெருவுல நிறுத்துங்க டாக்டர். வர்றவங்களால நடக்க முடியாது. உங்களால முடியும்."

"சரி, அனுப்புங்கம்மா" என்றார் டாக்டர்.

வரைபடத்தை அனுப்பிவிட்டுத் தெருவைக் கடந்து நாத்தனாரிடம் போனாள். மனசு நிறைந்திருந்தது.

"நீ மட்டும் இல்லன்னா இன்னிக்கு..."

"நன்றியெல்லாம் வாயால வேண்டாம்" என்றாள் நாத்தனார். "எங்க கட்டட வாசலுக்கும் ஒரு சாய்தளம் போட்டுக் கொடுங்க. என்னைத் தூக்கித் தூக்கி வாட்ச்மேனுக்கு இடுப்பு போச்சு."

வாட்ச்மேன் வேகமாகத் தலையாட்டினார். அக்கா கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து, அவரை ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, படியின் உயரத்தை அளந்தாள்.