நான் கொட்டிய பால்மாவு

சிரம்பான் பக்கம் பாரோயில் பெருங்காற்று அடித்து எங்கள் வரிசை வீட்டுத் தகரமெல்லாம் பறந்ததே, அதற்கு மறு வாரம் புதன்கிழமை. காலை ஏழு மணிக்கு சிரம்பானில் ரெம்பாவ் பஸ் ஏறினேன். டிக்கெட் நாலு வெள்ளி, தூரம் பதினேழு மைல். முன்பு வழியெல்லாம் ரப்பர் மரம். இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைதான்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மகள் என்னைக் குவேக்கர் கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். சண்டையே கூடாது என்கிற கிறிஸ்துவர்கள். பாட்டில்லை, பிரசங்கமில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தூக்கமே வந்தது. அப்புறம் ஒரு வெள்ளைக்கார அம்மா எழுந்து பேசினார். மகள் தமிழில் சொன்னாள்: ஒரு நாட்டு அரசாங்கத்தைப் பணிய வைக்கப் பெரிய நாடுகள் அதன் வியாபாரத்தை அடைத்துவிட்டனவாம். ஆள்கிறவன் தட்டில் ஒரு குறையும் இல்லை. பிள்ளைகளுக்குத்தான் மருந்தில்லை. தடையை எடுங்கள் என்று ஒரு கடிதம். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கு என் பேர் மட்டும் எழுத வரும். பேனா வந்தது, கை எழவில்லை.

எட்டேகாலுக்கு ரெம்பாவ். அங்கிருந்து நான் முன்பு வேலை செய்த ரப்பர் தோட்டம் ஐந்து மைல், வாடகைக் காருக்குப் பன்னிரண்டு வெள்ளி.

"அங்க யாரு இருக்கா தாத்தா? எல்லாம் டவுனுக்குப் போயிட்டாங்க லா."

"ஒரு பொம்பளையப் பாக்கணும்பா."

"ஓ, பழைய ஆளா?" டிரைவர் கண்ணடித்தான்.

"ரோட்டப் பாத்து ஓட்டு."

ஸ்ட்ரைக் நடந்த வருஷம் எங்களை மேய்த்த கங்காணி, மண்டோர் என்போம், அவன் மட்டும் துரைக்குப் பயந்து வேலைக்குப் போனான். அவன் வீட்டுக்கு ஒரு சாமானும் போகக் கூடாது என்று லயத்தில் குடியிருந்த தொழிலாளிச் சனமெல்லாம் கூடி முடிவெடுத்தோம். கடைக்காரர் அரிசி விற்கவில்லை. மாடு வைத்திருந்தவர் பால் ஊற்றவில்லை. தோட்டத்துக் கேட்டில் சாமானைத் தடுக்கும் காவல் நான். மண்டோர் துரை பங்களாக் குசினியில் ரொட்டியும் முட்டையும் தின்றான். அது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் விடவில்லை. ஒன்பதாம் நாள் அவன் பெண்சாதி பாக்கியம் ரெம்பாவ் வரை நடந்து ஒரு பால்மாவு டின் வாங்கி வந்தாள். இடுப்பில் கைப்பிள்ளை. நான் டின்னைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினேன். சனம் கைதட்டியது. நானும் சிரித்தேன்.

நான் போய் இறங்கியபோது பாக்கியம் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை முழுக்க நரை.

"யாரு, கேட்டுக்கார முனுசாமி அண்ணனா? இன்னும் சாகலியா நீ?"

"இல்ல தங்கச்சி."

"நானுந்தான். உக்காரு."

கடிதத்தைச் சொன்னேன். நான் செய்தது தப்பு என்றேன். அவள் கை நிற்கவில்லை.

"எம் புருசன் அதுக்கப்புறமாச்சும் ஸ்ட்ரைக்குல சேந்தானா?"

"சேரல."

"பின்ன யார ஜெயிச்சீங்க?"

"அந்தப் புள்ள…?"

"இருக்கா. கஞ்சித்தண்ணியிலயே பொழச்சா. போர்டிக்சன் ஆஸ்பத்திரியில நர்ஸு." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "செத்திருந்தா வந்திருப்பியாண்ணே?"

கீழே கிடந்த ஒரு கீரைத்தண்டைப் பொறுக்கி அவளிடம் நீட்டினேன்.

"எங்கிட்ட சொல்லி என்ன? எனக்குத்தான் தெரியுமே. கைதட்டுனவங்ககிட்ட போய்ச் சொல்லு."

தேத்தண்ணி கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

சிரம்பான் திரும்ப மணி இரண்டு. மகளிடம் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கி என் பேரை எழுதினேன். கோணல்மாணலாக வந்தது. கைதட்டியவர்களில் பாதிப் பேர் மண்ணுக்குள். அவர்கள் பிள்ளைகளுக்கு அந்த ஸ்ட்ரைக்கை வீரக்கதையாகச் சொன்னவனும் நான்தான். பால்மாவை மட்டும் விட்டுவிட்டேன். ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர் யாரையாவது பார்த்தால், விட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். என் பேரை மறைக்க வேண்டாம்.