அம்மாவின் வயிற்றுக் கட்டு

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெற்றிருக்கும் உங்களில் பலர் அம்மா தைத்த ஜாக்கெட்டை அணிந்தவர்கள். அவருடைய குணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. வாழ்க்கையை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

அம்மா பம்மலில், விவசாயக் குடும்பத்தில் இளைய மகளாகப் பிறந்தார். சிறு வயதில் தாயை இழந்தவரை வளர்த்தது மூத்தவரான எங்கள் பெரியம்மா. திருமணமாகி அஸ்தினாபுரம் வந்தார். அப்பாவுக்கு நிலையான வேலை இல்லாத வருடங்களில் தையல் இயந்திரம்தான் வீட்டை நடத்தியது. முடியாது என்று யாரிடமும் சொல்லாதவர். பெரியம்மாவிடம் அப்படிச் சொல்ல நினைத்தது கூட இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்மாவுக்குக் குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. நான் பாலிடெக்னிக் முடித்திருந்த நேரம். கட்டியை அகற்றுவது தன் வேலை, அதன் பிறகு சிக்கல் வராமல் பார்ப்பதில் வீட்டாருக்கும் பங்கு உண்டு என்றார் டாக்டர். நெஞ்சில் சளி தேங்கக்கூடாது. காலில் இரத்தம் உறையக்கூடாது. காயத்தில் சீழ் பிடிக்கக்கூடாது. எனவே ஆழமாக மூச்சிழுத்து இரும வேண்டும், சீக்கிரமே எழுந்து நடக்க வேண்டும், அருகில் வருபவர்கள் கை கழுவ வேண்டும்.

அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தது. பார்க்க வந்த பெரியம்மாவுக்கு, அம்மா நடப்பதைக் கண்டு தாங்கவில்லை.

"இன்னாடி இது, வயித்தக் கிழிச்ச ஒடம்ப நடக்க வுட்டுகினு? காத்து பூந்துக்கினா யார் பாக்கறது? படு."

பிரசவித்தவர்களுக்குக் கட்டுவதுபோல, பழைய நூல்புடவையைக் கிழித்து அம்மாவின் வயிற்றை இறுகக் கட்டினார். அவர் போனதும் நர்ஸ் அதை அவிழ்த்துப் போட்டார். மறுநாள் பெரியம்மா வரும் நேரம் பார்த்து, அம்மா தானே அதை எடுத்துக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார்.

"ஏம்மா இப்படி?" என்றேன்.

"அக்கா பஸ்ஸு மாறி வருதுடி. அது மனசு நோவக்கூடாது. போனதும் அவுத்துடறேன்."

பெரியம்மா சீக்கிரம் போகிறவர் அல்லர். கட்டிய வயிற்றோடு அரை மூச்சில் படுத்தே கிடந்ததில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது, மூச்சு இரைத்தது. சளி கட்டத் தொடங்கிவிட்டது, இப்படியே விட்டால் நிமோனியா ஆகும், உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர்.

அன்று மாலை பெரியம்மா துணியை எடுத்தபோது அம்மா அவர் கையைப் பிடித்தார்.

"வேணாம்க்கா. கட்டினா மூச்சு வுட முடியல. செத்துப் போயிடுவேனோன்னு பயமா இருக்கு."

பெரியம்மா துணியை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? நான் இன்னா பேயா பிசாசா?" என்றார். நர்ஸ் சொல்லித்தந்தபடி அந்தத் துணியையே தலையணைபோல மடித்து, காயத்தின்மேல் அணைத்துப் பிடித்தார். "இருமுடி. நல்லா இருமு. நான் புட்சிகினு கீறேன்."

காய்ச்சல் இறங்கியது. பிறகு வராந்தாவில் அம்மாவைக் கைபிடித்து நடத்தியதும் பெரியம்மாதான். "பாவம், படுக்க வைங்க" என்று சொன்ன உறவினர்களுக்கு அவரிடம் திட்டு விழுந்தது.

அதன்பின் சில ஆண்டுகள் அம்மா நலமாக இருந்தார். என் திருமணத்தை நடத்திவைத்தார். நோய் கல்லீரலில் திரும்பி வந்தபோது அதிகம் செய்ய இயலவில்லை. வலி அதிகமின்றி, எங்கள் எல்லோர் முன்னிலையிலும் கண்மூடினார்.

டாக்டருக்கும் நர்ஸ்களுக்கும், இரத்தம் கொடுத்த அப்பாவின் நண்பர்களுக்கும், மாதக்கணக்கில் சோறு அனுப்பிய எங்கள் தெருவாருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. பெரியம்மாவின் பெயரையும் சேர்ப்பதாக அவரிடம் சொன்னேன்.

"எனக்கு எதுக்குடி? வாயத் தொறந்து சொன்னது அவ. அதனாலதான் இத்தினி வருசம் எங்கூட இருந்தா. அத எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.