கடலுக்குள் குத்திய குண்டூசி

நோர்வேயில் என் அப்பாவை அவருடைய பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. வைத்தியரிடம் போனால் தாதி கதவைத் திறந்து "கந்தையா" என்பார். அது என் அப்பப்பாவின் பெயர். நான் பிறக்க முன்னமே செத்துப்போன மனிதர் அவர். அப்பா எழும்பி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, அவருக்குப் பதிலாக உள்ளே போவார். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லை, தகப்பன் பெயர்தான் உண்டு. இந்த நாடு அதையே குடும்பப்பெயராக எழுதிவிட்டது. அதில் அம்மாவின் பாடுதான் பெரும்பாடு. மாமனாரின் பெயரை வாயால் சொல்லவே கூசுகிறவர், தபாலகத்தில் அதைத் தன் பெயராக எழுத்து எழுத்தாய்ச் சொல்லிக்காட்ட வேண்டியிருந்தது.

தமிழ் ஆட்கள் அப்பாவைக் கூப்பிடுவது வேறு மாதிரி. ஒஸ்லோவில், குறொன்லாண்ட் கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போனால் கடைக்காரர் தூரத்திலேயே கண்டு, "அனலைதீவார், முருங்கைக்காய் வந்திருக்கு" என்பார். கோயிலிலும் கலியாண வீடுகளிலும் அப்பா அனலைதீவார்தான். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில், கடலுக்குள் இருக்கிற ஒரு சின்னத் தீவு அது. ஆனால் அதை ஒரு பெயரென்று நான் நினைத்ததில்லை. பெரியவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தம், அவ்வளவுதான்.

எனக்கு அப்போது பத்து வயது. ஒஸ்லோவின் ஓரத்தில் எல்லிங்ஸ்ருட்டில், நாங்கள் இருந்த அடுக்குமாடிக்குப் பின்னால்தான் பள்ளிக்கூடம். எங்களுக்கு ஆங்கிலமும் சமூகப்பாடமும் படிப்பித்தவர் நோர்வேக்காரியைக் கலியாணம் முடித்து இங்கே வந்து சேர்ந்த ஓர் ஆங்கிலேயர். இங்கே பிள்ளைகள் ஆசிரியரை முதற்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தன் நாட்டில் என்றால் 'மிஸ்டர் ஓர்ம்ஸ்பி' என்று கூப்பிட வேண்டும் என்று அவர் ஒருநாள் பகிடியாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வகுப்பு முழுக்க அவர் மிஸ்டர் ஓர்ம்ஸ்பி. அவருடைய நொஸ்க், அதாவது நோர்வே மொழி, என் அப்பாவின் நொஸ்க்கைவிடக் கொஞ்சம்தான் திறம். பிழை விட்டால் தானே முதலில் சிரிப்பார். அப்பா பிழை விட்டால் வாயை மூடிக்கொள்வார். பிறகு அன்று முழுக்கக் கதைக்க மாட்டார்.

ஒருநாள் மிஸ்டர் ஓர்ம்ஸ்பி பெரிய உலகப்படம் ஒன்றைச் சுவரில் மாட்டி, தன் பெயர் எங்கிருந்து வந்தது என்று சொன்னார். ஓர்ம் என்றால் நொஸ்க்கில் பாம்பு. வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார். முந்தி இந்தப் பக்கத்தில் அது ஆண்பிள்ளைக்கு வைக்கிற நல்ல பெயராம். அந்தக் காலத்தில் வடகடலைத் தாண்டிப் போன ஆட்களில் ஓர்ம் என்ற யாரோ ஒருவன் இங்கிலாந்தில் இறங்கி, நிலம் பிடித்து, வீடு கட்டியிருக்கிறான். அவன் இருந்த இடம் ஓர்ம்ஸ்பி, அதாவது ஓர்மின் ஊர். ஒருவன் மட்டும் அல்ல, பல ஓர்ம்கள் போயிருக்க வேண்டும் என்று சொல்லி யோர்க்‌ஷயரில் ஒன்று, லிங்கன்‌ஷயரில் ஒன்று, நோர்ஃபோக்கில் ஒன்று என்று மூன்று சிவப்புக் குண்டூசிகளைக் குத்தினார். மூன்றும் கிழக்குக் கரையோரமாக, நோர்வேயைப் பார்த்துக்கொண்டு நின்றன. அங்கிருந்து நூல் கட்டி அயர்லாந்துக்கும், அமெரிக்காவுக்கும், அவுஸ்திரேலியாவுக்கும் இழுத்தார். இன்று ஓர்ம்ஸ்பிகள் இருக்கிற இடங்களாம் அவை.

"இந்த மூன்றிலே உங்கடை ஊர் எது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தெரியாது. எங்கள் ஆட்களில் யாரும் எழுதி வைக்கவில்லை," என்றார் அவர்.

கேட்டவளின் குடும்பப்பெயர் ஹவுகெட்டோ. ஒஸ்லோவின் தெற்கில் ரயில் நிற்கிற இடம் அது. முந்தி அங்கே இருந்த ஒரு தோட்டத்தின் பெயராம். "ரயிலாலை இறங்கினால் முதலிலை தெரியிறது என்ரை பேர்தான்," என்று அவள் ஏற்கெனவே எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். எங்கள் எல்லிங்ஸ்ருட்கூட எல்லிங் என்ற ஒருவன் காடு வெட்டித் திருத்திய நிலமாம். எல்லாரும் வீட்டில் கேட்டுக்கொண்டு வந்து, அவரவர் பெயர் பிறந்த இடத்தில் ஒரு ஊசி குத்த வேண்டும் என்றார் மிஸ்டர் ஓர்ம்ஸ்பி. பிறகு பெற்றோரைக் கூப்பிட்டு அதைக் காட்டுவோம் என்றும் சொன்னார்.

அன்று பின்னேரம் அப்பா வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். அலுவலகங்களைத் துப்புரவாக்குகிற வேலை.

"அப்பா, எங்கடை பேர் எந்த இடத்திலையிருந்து வந்தது?"

"அது அப்பப்பாவின்ரை பேரடா. இடத்தாலை வரேல்லை."

"அப்ப அப்பப்பாவின்ரை காணிக்கு என்ன பேர்?"

சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். "காணியோ?" என்றார். பிறகு மற்றச் சப்பாத்தைக் கட்டினார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, குசினிக்குள் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிற மனிதர்.

"மருமோன், விடையை உன்ரை வாத்தியே சொல்லித் தந்திட்டாரடா. ஓர்ம் எண்டவன்ரை ஊர் ஓர்ம்ஸ்பி. கந்தையா எண்டவன்ரை ஊர் கந்தையாபுரம். முடிஞ்சுது அலுவல்."

"அப்பிடி ஒரு ஊர் இல்லையே மாமா."

"கடலுக்கை குத்தினாலும் ஆர் வந்து பார்க்கப்போகினம்? இஞ்சையிருந்து எவன் வெளிக்கிட்டுப் போவான்?"

நான் கடலுக்குள் குத்தவில்லை. இலங்கையின் வடக்கில் கொஞ்சம் அகலமாகத் தெரிந்த இடமாய்ப் பார்த்துக் குத்தினேன். என் அப்பப்பாவின் அப்பப்பா காடு வெட்டி உண்டாக்கிய ஊர் கந்தையாபுரம் என்று வகுப்பில் சொன்னேன். நூறு வீடு என்றேன். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்ததால் நிறுத்த மனம் வரவில்லை. கதைக்குள் ஒரு யானையையும் விட்டேன். ஹவுகெட்டோ வாயைத் திறந்துகொண்டு இருந்தாள். அவளுடைய ரயில் நிலையத்தில் யானை இல்லை. மிஸ்டர் ஓர்ம்ஸ்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, என் ஊசிக்குக் கிட்டக் குனிந்து, அந்த இடத்தைக் கனநேரம் பார்த்தார். "மிகவும் சுவாரசியம்," என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

இரண்டு நாளில் அவர் அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அப்பாவுக்கு அதில் விளங்கியது கொஞ்சம்தான்.

"என்ரை அப்பாவின்ரை பேரைப் பள்ளிக்கூடச் சுவரிலை போட்டிருக்கினமாம்," என்று அம்மாவிடம் சொன்னார். "வியாழக்கிழமை எல்லாரும் பார்க்க வருகினமாம். நானும் போகப்போறன்."

அம்மா என்னைப் பார்த்தார். அப்பா என் பள்ளிக்கூடத்துக்கு வந்ததே கிடையாது. பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாள் சுற்றி வரும். பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுத வேண்டும். அப்பா இரண்டாம் வகுப்போடு நின்றவர். கையெழுத்து வைப்பார், அதற்கு மேல் இல்லை. அதனால் ஒவ்வொரு முறையும் "எனக்கு வேலை. நீர் போயிட்டு வாரும்" என்று அம்மாவை அனுப்பிவிடுவார். இந்த முறை அவரே ஆள் பிடித்து வேலை நேரத்தை மாற்றினார். கலியாணத்துக்குப் போடுகிற கோட்டை எடுத்து வெளியே தொங்கவிட்டார்.

"அப்பா, நீங்கள் வரத் தேவையில்லை. எல்லாம் நொஸ்க்கிலைதான் கதைப்பினம்," என்றேன்.

"விளங்கிறது விளங்கட்டும். என்ரை அப்பாவின்ரை பேரை வாசிக்கேக்கை நான் நிக்க வேண்டாமே?"

நான் மாமாவிடம் ஓடினேன். அவருக்கும் முகம் கறுத்துவிட்டது. கடைசியில், "யானையையாவது அவிட்டு விட்டிடடா," என்றார்.

வியாழன் ஆறு மணிக்கு வகுப்பறை நிறையப் பெற்றோர். ஒரு மூலையில் வாஃபிள் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். தாள் சுற்றி வந்தது. அப்பா அதை என் பக்கம் தள்ளி, "நீ வடிவாய் எழுதுவாய்," என்றார். எழுதினேன்.

என் முறை வந்தபோது, அப்பாவுக்கு விளங்காதபடி விரைவாகவும் தாழ்ந்த குரலிலும் சொல்லி முடித்துவிட்டேன். யானையைத் தொடவில்லை. ஆனால் பின்னாலிருந்து ஹவுகெட்டோ கத்தினாள்: "யானை! யானையைச் சொல்லு!"

எல்லாரும் சிரித்தார்கள். 'எலஃபாந்த்' என்ற சொல் அப்பாவுக்கும் தெரியும். கந்தையா என்ற பெயரும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் இருந்தார். அப்போது ஹவுகெட்டோவின் தகப்பன், நல்ல மனிதர், அன்போடு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் கந்தையாபுரத்திலேயா பிறந்தீர்கள்? இப்போதும் அது பெரிய ஊரா?"

மிஸ்டர் ஓர்ம்ஸ்பி சட்டென்று எழும்பி, "வாஃபிள் ஆறுகிறது, எல்லாரும் வாருங்கள்," என்றார். இந்த நேரத்தில் வாஃபிளுக்கு என்ன அவசரம் என்று நான் நினைத்தேன். ஆனால் அதற்குள் அப்பாவும் எழும்பிவிட்டார்.

"இல்லை," என்றார் அப்பா, அவருடைய நொஸ்க்கில். "ஊர் இல்லை. நான் பிழை. நான் மகனுக்குப் பிழையாய்ச் சொன்னேன். மகன் பிழை இல்லை."

அப்பா வாயை மூடிக்கொள்வார் என்று பார்த்தேன். மூடவில்லை.

"என் அப்பா, நிலம் இல்லை. மற்ற ஆட்கள் நிலம். புகையிலை. என் அப்பா தண்ணீர். காலை தண்ணீர், பின்னேரம் தண்ணீர்." கிணற்றிலிருந்து கயிறு இழுப்பதுபோல இரண்டு கையாலும் காட்டினார். கலியாணக் கோட்டின் கை மேலே ஏறி இறங்கியது.

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மிஸ்டர் ஓர்ம்ஸ்பி சுவருக்குப் போய்த் தன் மூன்று சிவப்பு ஊசிகளையும் விரலால் தட்டினார்.

"ஓர்ம்ஸ்பியில் இருந்தவனை அங்கே யாரும் ஓர்ம்ஸ்பி என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அங்கே எல்லாருமே ஓர்ம்ஸ்பிக்காரர்தானே. ஊருக்குச் சொந்தக்காரரான பிரபுக்களும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள், அது உண்மை. ஆனால் நாங்கள் அந்த வகை இல்லை. என் தாத்தா துறைமுகத்தில் மீன்பெட்டி தூக்கியவர். என் ஆட்களுக்கு நிலம் இருந்திருந்தால் அங்கேயே இருந்திருப்பார்கள். இல்லாதவன் வேலை தேடி வேறு பட்டினத்துக்குப் போனான். போன இடத்து ஆட்கள்தான் அவனுக்கு ஓர்ம்ஸ்பி என்று பெயர் வைத்தார்கள். விட்டுவிட்டுப் போனவனுக்குத்தான் ஊர் பெயராகும்." பிறகு என்னிடம், "அப்பாவிடம் கேள். இங்கே உங்கள் ஆட்கள் அவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்?"

நான் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. "அனலைதீவார்!" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

குறொன்லாண்டில், கோயிலில், கலியாண வீடுகளில் எத்தனை தரம் கேட்ட சொல். அனலைதீவில் அப்பாவை ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு விளங்கியது.

மிஸ்டர் ஓர்ம்ஸ்பி என் ஊசியைக் கழற்றி அப்பாவின் கையில் கொடுத்தார். படத்தில் எழுதியிருந்த பெயர் எதையும் அப்பா பார்க்கவில்லை. கரையோரமாக விரலை வைத்து, யாழ்ப்பாணம் வரை நகர்த்தி, "இதிலை வள்ளம்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, நிலம் முடிகிற இடத்தைத் தாண்டி ஊசியைக் குத்தினார். முழுக்க நீல நிறம்.

"அது கடல்!" என்றாள் ஹவுகெட்டோ.

"ஓம்," என்றார் அப்பா, தமிழிலேயே. பிறகு நொஸ்க்கில், "சின்னது. ஆனால் இருக்கு."

அந்த ஊசிக்கும் மிஸ்டர் ஓர்ம்ஸ்பி ஒரு நூல் கட்டினார். கடலிலிருந்து எல்லிங்ஸ்ருட் வரை. படத்தில் ஆகவும் நீளமான நூல்களில் அதுவும் ஒன்று. ஹவுகெட்டோவின் நூல் ஒரு நகம் அளவுதான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நிலம் உறைந்து வழுக்கியது. அப்பாவின் கையில், துடைப்புத் தாளில் சுற்றிய இரண்டு வாஃபிள்கள், அம்மாவுக்கும் மாமாவுக்கும். கொஞ்சத் தூரம் வந்தபிறகு நான் கேட்டேன்.

"அப்பா, நீங்கள் எனக்கு ஒண்டும் பிழையாய்ச் சொல்லேல்லையே?"

"குளிருது. தொப்பியைப் போடு," என்றார்.

போட்டேன். தப்பிவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்பாவுக்கு நொஸ்க் சரியாக விளங்காதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்றும், மிஸ்டர் ஓர்ம்ஸ்பி எதைச் சொன்னாலும் நம்புகிற மனிதர் என்றும் நினைத்துக்கொண்டு வந்தேன். ஊர்ப்பெயர்களில் இவ்வளவு பைத்தியமாக இருந்தவர் கந்தையாபுரத்தைத் தேடிப் பார்க்காமலா இருந்திருப்பார் என்று தோன்றவில்லை. தேடிக் கிடைக்காததால்தான் தொலைபேசி எடுத்திருக்கிறார். அப்பாவின் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டபிறகு மேலே கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

பிழை விட்டுவிடுவோமோ என்று பயந்து பயந்து பள்ளிக்கூட வாசலை மிதிக்காத மனிதர், முதல் தரம் வந்த அன்று, அத்தனை பேருக்கு முன்னால் எழும்பிச் சொன்ன வசனம் 'நான் பிழை' என்பதும் அப்போது என் மண்டையில் ஏறவில்லை. எனக்காக அதைச் சொன்னவர், எனக்காகக்கூடத் தன் தகப்பனுக்கு இல்லாத காணியைக் கொடுக்கவில்லை. இதெல்லாம் விளங்க எனக்குக் கனகாலம் எடுத்தது. அந்த இரவில் என் கவலை வேறு. வாஃபிள் இரண்டுதான் இருந்தது. மாமா தன்னுடையதில் பாதி தருவாரா என்று யோசித்துக்கொண்டு, வழுக்காமல் இருக்க அப்பாவின் கோட்டைப் பிடித்தபடி நடந்தேன்.